லாண்டரி அழைக்கிறது

தன் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்தபோது மகள் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். சார்ஜ் போடுவது, சத்தம் கூட்டுவது, யார் படத்தை அழுத்தினால் யாருக்குப் போகும் என்பது. அதற்குள் இருந்த தன்னை மட்டும் அழிக்க மறந்து போனாள்.

அம்மாவுக்கு எழுத்து வராது. வாயால் கேட்டால் வாயால் பதில் சொல்லும் போன் என்றதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அம்மாவுக்கு வேலை. சாப்பாட்டு நேரத்தில் அங்கிருக்கும் பெண்களெல்லாம் போனை நடுவில் வைத்துக் குடைந்து எடுப்பார்களாம். உனக்கு யார் முதலாளி, லீவு உண்டா, கல்யாணம் ஆயிடுச்சா, நீ ஆணா பெண்ணா. அதுவும் சளைக்காமல் பதில் சொல்லுமாம். இதில் பாதி மரியாதை சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் போதும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் அம்மா. அவளும் கூடச் சிரித்துத் தொலைத்தாள். அப்போதே யோசித்திருக்க வேண்டும். பட்டம் வாங்கிய மூளை அல்லவா, யோசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. கடைக்குப் போய்த் திரும்பினால் வீடு பூட்டியிருக்கிறது, சாவி உள்ளே. இன்னொரு சாவி அம்மாவின் பையில். வேறு வழியில்லாமல் ஸ்கூட்டரைத் திருப்பினாள். வேலை கிடைத்த நாளிலிருந்து அந்தச் சலவைக்கூடம் இருந்த திசையில் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை.

உள்ளே நுழைந்ததும் ஈரச் சூடு முகத்தில் அறைந்தது. துணி உலர்த்தும் இயந்திரங்கள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. பிளீச்சிங் நெடியில் கண் எரிந்தது. மடித்த படுக்கை விரிப்புகளின் அடுக்குகளுக்கு நடுவே பெண்கள் டப்பாக்களைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆபீசரம்மா வந்துட்டாங்க, வழி விடுங்கடி" என்றாள் வாயாடி. அதுதான் அவளுக்கு அங்கே பெயர், காரணப் பெயர். இஸ்திரி அக்கா எழுந்து வந்து மகளின் கன்னத்தைத் தடவினாள். முதல் இன்டர்வியூவுக்கு அவள் போட்டுப் போன சட்டை அந்த அக்காவின் கையால்தான் மடிப்பு வாங்கியது. அன்றைக்கு இந்தக் கூடமே வாசல்வரை வந்து வழியனுப்பியது.

சாவியை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று பார்த்தாள். விட்டால்தானே. பிடித்து உட்கார வைத்தார்கள். அவளிடம் பெருமையாகக் காட்ட வேண்டுமே, அம்மா போனை எடுத்து வாய்க்கருகே பிடித்தாள்.

"நான் யாரு?"

"நீங்கள் என் மேடம்" என்றது போன்.

சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. அவளுக்கு மட்டும் காது மடல் சுட்டது. வேலை உறுதியான அன்று, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இனி என்னை மேடம் என்று கூப்பிடு என்று போனிடம் சொல்லி வைத்தவள் அவள்தான். அதுவரை அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நான் என்ன வேலை பாக்குறேன்?"

"நீங்கள் மனிதவளத் துறையில் உதவி அலுவலராக வேலை செய்கிறீர்கள்."

அலுவலர் மேடம் தயவுசெய்து அந்த அழுக்கு மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும் என்று ஒருத்தி கும்பிட்டாள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். எல்லாம் மகளுடைய பெருமை, தன் வாயால் கேட்டுத் தன் காதால் வாங்கிக்கொள்கிறாள்.

வாயாடி போனைப் பிடுங்கினாள். மேடத்தோட அம்மா யாரென்று கேட்போம் என்றவள், "என் அம்மா யாரு?" என்று கேட்டாள்.

"உங்கள் அம்மா யார் என்று நீங்கள் எனக்குச் சொல்லவில்லை."

சிரிப்பு பாதியில் தொங்கியது. வாயாடி இதை விடுவாளா. "ஏம்மா, பெத்தவளை எங்க ஒளிச்சு வச்ச?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் மகள் உண்மையிலேயே ஒளித்துத்தான் வைத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேசைமேல் இருந்த போனில் 'அம்மா' என்று மின்னியதைப் பார்த்து, அம்மா என்ன செய்கிறார்கள் என்று மேலதிகாரி கேட்டார். துணி சம்பந்தமான பிசினஸ் என்று வாயில் வந்ததைச் சொன்னாள். அன்றே போனில் அம்மா என்பதை அழித்து லாண்டரி என்று பதிந்துகொண்டாள். லாண்டரியிலிருந்து வரும் அழைப்பைப் பற்றி எவரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எடுக்கலாம், துண்டிக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தாள்.

அம்மா மகளை விட்டுக்கொடுப்பாளா. "அது பழைய போனுடி. புதுசுல சொல்லி வச்சிருப்பா. இரு, காட்டுறேன்" என்று மகளின் படத்தைத் தேடி அழுத்தினாள்.

மகள் தன் பைக்குள் கையை விட்டாள். கடையில் வாங்கி வந்த சாமான்களுக்கு அடியில் போன் கிடந்தது. ஸ்கூட்டரில் போகும்போது யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிவதற்காக, பெயரை உரக்கச் சொல்லும்படி அதைப் பழக்கியிருந்தாள். கைக்கு அகப்படுவதற்குள் அது பேசிவிட்டது.

"லாண்டரி அழைக்கிறது. லாண்டரி அழைக்கிறது."

எவ்வளவு தெளிவான உச்சரிப்பு. அம்மா தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அழைப்பைத் துண்டித்தாள். உலர்த்தும் இயந்திரங்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

"நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்" என்றாள் அம்மா, டப்பாவை மூடியபடி. "ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு அம்மா அம்மான்னு அது கத்துனா நல்லாவா இருக்கும்?"

"சரிதான்" என்றாள் இஸ்திரி அக்கா. "லாண்டரின்னா எங்க எல்லாரையும் சேத்துல்ல போட்டு வச்சிருக்கு புள்ள." அதில் இருந்தது பாசமா முள்ளா என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. ஏறிய ஏணியை எட்டி உதைத்தவள் எந்த முகத்தோடு நிமிர்வாள்? அம்மா சாவியை நீட்டினாள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அம்மா பொய் சொல்லி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அம்மா வந்ததும் அவள் போனை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாத்திடுறேம்மா."

"வேணாம். ஆபீஸ்ல ஏதோ ஒண்ணு சொல்லி வச்சிருப்ப. ஒண்ணை மாத்துனா ஒன்பதை மாத்தணும்." கோபமில்லாத குரல். கோபப்பட்டிருந்தால் தேவலை, திருப்பிக் கத்தியாவது இருக்கலாம். அம்மா தன் போனை எடுத்து வாய்க்கருகே வைத்தாள்.

"இந்தா பாரு, நான் மேடம் இல்ல. என்னை லாண்டரின்னே கூப்பிடு."

"சரி. இனி உங்களை லாண்டரி என்று அழைக்கிறேன். சரியா?"

"சரி" என்றாள் அம்மா.

அன்றிரவே மகள் தன் போனில் லாண்டரி என்பதை அம்மா என்று மாற்றினாள். திங்கட்கிழமை ஆபீசில் போனை மேசையின் நடுவில் திரை தெரிய வைத்தாள், சத்தத்தையும் கூட்டி வைத்தாள். அம்மா தினமும் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவாள். இன்றைக்கு அது எல்லோர் காதிலும் விழட்டும் என்று காத்திருந்தாள். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. போன் வாயைத் திறக்கவில்லை.

கையைத் துடைத்தபடி மேலதிகாரி அவள் மேசையைக் கடந்தார். "என்ன, இன்னைக்கு உங்க லாண்டரிக்காரன் கூப்பிடலையா?"

"லாண்டரி இல்ல சார், அம்மா" என்றாள். அவள் காதுக்கே அது எட்டவில்லை.

"என்னது?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள்.