எந்தப் பக்கம்

சவப்பெட்டி வருவதற்குள் ஹாலைக் காலி செய்யவேண்டும் என்று ரேமண்டும் மகள் ஏமியும் சோபாவை இழுத்தபோது, அதன் பின்னால் செருகிக் கிடந்த மூன்று நாவல்கள் தரையில் விழுந்தன. ஏமி குனிந்து எடுத்தாள். ஒன்றின் அட்டையில் பட்டுப்புடவைப் பெண்ணும் கோட் போட்ட ஆணும் முதுகோடு முதுகாக நின்றார்கள். இருவர் முகத்திலும் கோபம்.

"பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில திருப்பிக் கொடுக்கணும்," என்றார் ரேமண்ட். ஏமி அவற்றை டிவிக்கு மேல் வைத்தாள்.

ரேமண்டின் மனைவி பாக்கியம் அன்று அதிகாலை ஆஸ்பத்திரியில் இறந்திருந்தாள். வயது அறுபத்து நாலு. சர்க்கரை முதலில் கண்ணைப் பிடித்தது, பிறகு சிறுநீரகத்தை. அடக்கம் மறுநாள் மூன்று மணிக்கு.

கண் மங்கியதிலிருந்து ரேமண்ட்தான் அவளுக்கு நாவல் படித்துக் காட்டினார். போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். சரக்குப் பட்டியலைச் சரிபார்க்கும் அதே குரலில்தான் காதல் வசனங்களையும் படிப்பார். மாதம் ஒருமுறை கொமுட்டர் ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் போவார். அங்கே நாவல்களை வாடகைக்கு விடும் கடையில், கான்ட்ராக்ட் கல்யாணக் கதை புதிதாக வந்திருக்கிறதா என்று அவர் முதல் தடவை கேட்டபோது, கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

எல்லாம் ஒரே கதைதான். சொத்துக்காகவோ, தாத்தாவின் உயிலுக்காகவோ, தாயில்லாத குழந்தைக்காகவோ இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டு கல்யாணம் செய்துகொள்வார்கள். ஒரு வருஷம், தனித்தனி அறை, ஒருவரை ஒருவர் எதுவும் கேட்கக் கூடாது. முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிக்கவேண்டும் என்று ஏமி பலமுறை கேலி செய்திருக்கிறாள். ரேமண்டுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

நாலாவது நாவலில் கதாநாயகன் முதலிரவன்று சொன்னான்: குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும், என்னிடம் வேறெதையும் எதிர்பார்க்காதே. ரேமண்டின் குரல் அங்கேயே நின்றுபோயிற்று. தொண்ணூற்றொன்றில், முதல் மனைவி தெரேசா இறந்து பதினோரு மாதம் கழித்து, இரண்டு வயது ஏமியைத் தோளில் போட்டுக்கொண்டு, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை அவர் பாக்கியத்திடம் சொல்லியிருந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். சரியென்று தலையாட்டிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? படிங்க."

"இந்த மாதிரி ஆளோட கதைய எப்படித்தான் கேக்குறியோ."

"எல்லா புக்லயும் மொதல்ல இததான் சொல்வான்," என்றாள் பாக்கியம். "அப்புறம் மாறுவான்லா. எந்தப் பக்கத்துல மாறுறான்னு கண்டுபிடிக்கிறதுதான் எனக்குப் புடிக்கும். அது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாவலிலும் ஏதோ ஓர் இடத்தில் விரலைத் தூக்கி, இங்கதான் என்பாள். பெரும்பாலும் அற்பமான இடமாக இருக்கும். மழை வருகிறதென்று அவன் ஜன்னலைப் பார்ப்பான், அவ்வளவுதான். ரேமண்ட் பக்க எண்ணைப் பார்த்துக்கொள்வார். நம் கதையில் அது எந்தப் பக்கம் என்று கேட்க நினைத்ததுண்டு. கேட்கவில்லை. இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் வார்டில் ஒரு நாவலை நூற்றிருபதாம் பக்கம்வரை படித்தார். மிச்சத்தை நாளைக்குப் படிக்கலாம் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு வாலண்டைன் வந்தார். கோயிலின் கல்லறைத் தோட்டக் காரியங்களைக் கவனிப்பவர். ரேமண்டைவிட இளையவர். தெரேசாவின் கல்லறைக்குப் பக்கத்து இடம் அவள் இறந்தபோதே ரேமண்டின் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. ஆகவே பாக்கியத்துக்குப் புது வரிசையில், வேலியோரமாக இடம் ஒதுக்கியிருப்பதாக வாலண்டைன் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு ஆள்தான், வழக்கமான ஆழம் போதும் என்று எழுதப்போனார்.

"ஒருத்தர் மேல ஒருத்தரா ரெண்டு பேருக்கு வெட்டச் சொல்லு," என்றார் ரேமண்ட்.

வாலண்டைன் பேனாவை நிறுத்தினார். "ரெண்டாவது ஆளு யாருண்ணே?"

"நான்தான்."

அறை வாசலில் ஏமி, பாக்கியத்துக்கு உடுத்தவேண்டிய புடவையோடு நின்றிருந்தாள். அவளுக்கு தெரேசா, மம்மி. சுவரில் இருக்கும் படம். பாக்கியம்தான் அம்மா. ஒவ்வொரு நவம்பரும் கல்லறைத் திருநாளுக்கு பாக்கியம் அவளைக் கூட்டிக்கொண்டு போவாள். மம்மியின் கல்லைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்ற வைப்பாள். பிறகு உட்கார்ந்து, பக்கத்தில் ரேமண்டுக்கென்று காலியாகக் கிடக்கும் இடத்தின் புல்லைப் பிடுங்குவாள். கண் தெரியாமல் போன வருஷம்கூடத் தடவித் தடவிப் பிடுங்கினாள்.

"அப்ப மம்மி பக்கத்துல இருக்கற எடம்பா?"

"தெரியலம்மா," என்றார் ரேமண்ட்.

சமையலறையில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு மூடினார்கள். ஏமி புடவையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஓரத்தை நீவிவிட்டாள். பிறகு வாலண்டைனைப் பார்த்தாள்.

"கல்லுல அப்பா பேருக்கும் எடம் விட்டு எழுதச் சொல்லுங்க அங்கிள்."

மறுநாள் காலை, வீட்டில் செபமாலை நடந்துகொண்டிருக்கும்போதே ரேமண்ட் தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். வேலியோரம் இரண்டு இந்தோனேசியர்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் குழிக்குள் மார்பளவில் நின்றான். இன்னும் வெட்டவேண்டுமா, பாஸ் என்று மலாயில் கேட்டான். இன்னும் என்று ரேமண்ட் கையைத் தாழ்த்திக் காட்டினார்.

மேலே குவிந்திருந்தது செம்மண். இப்போது வருவது சாம்பல் நிறக் களிமண்; ஈரமாக, நடுநடுவே வெள்ளைச் சிப்பித் துண்டுகளோடு. கொஞ்ச நேரத்தில் அவன் தலை மறைந்தது. பிறகு மண்வெட்டியும் தெரியவில்லை. மண் மட்டும் மேலே வந்து விழுந்துகொண்டிருந்தது.