ஓமின் சொன்னது நான்தான்

ஆமாம், 'ஓமின்' சொன்னது நான்தான். பெரியவர் ஓமோர்பாய் ஆசி வழங்கிக்கொண்டிருந்தபோது, ஆசி முடிந்தபின் சொல்ல வேண்டியதைப் பாதி வாக்கியத்தில், அதுவும் மைக்கில் சொன்னேன். ஊரில் இதை எட்டு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். குடித்திருந்தேனாம். தலைநகர் பிஷ்கெக்கில் படித்த கொழுப்பாம். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாததால் மூளை குழம்பிவிட்டதாம். எனக்கு இருபத்தாறு. அதைக்கூடச் சரியாக எண்ணத் தெரியாதவர்களுக்குத்தான் காற்று எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் பெரிஸாத். பாலிக்ச்சியில் பள்ளி ஆசிரியை, புவியியல். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். மற்ற நேரமெல்லாம் உலான் பின்னால் அலைகிறேன். இலையுதிர் காலத்தில் வடமேற்கிலிருந்து குளிர் வளிமுகம் இறங்கினால், அந்தக் கனத்த காற்று சூ பள்ளத்தாக்கை நிரப்பி, போம் கணவாய்க்குள் நெருக்கியடித்துப் புகுந்து, ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர்த் தலையில் வந்து கொட்டும். அதற்குத்தான் உலான் என்று பெயர். லாரியைக் கவிழ்க்கும். போன வருஷம் ரயில் நிலையத்துக் கூரைத் தகட்டைக் கொண்டுபோய் ஏரியில் போட்டது.

அதைப் பிடிக்க என்னிடம் ரேடார் கிடையாது, பெட்ரோல் பங்க் இருக்கிறது. காரா-பால்டாவிலிருந்து, கணவாய்க்கு முந்தின கெமின் வரை நெடுஞ்சாலைப் பங்குகளில் விலைப்பலகைக்குக் கீழே வெப்பநிலை ஓடும். அங்கே வேலை பார்க்கும் ஒன்பது பெண்கள் என் வாட்ஸாப் குழுவில் இருக்கிறார்கள். எண் சட்டென்று விழுந்தால் படமெடுத்து அனுப்புவார்கள். இந்தப் பங்கில் விழுந்த நேரம், அடுத்த பங்கில் விழுந்த நேரம், நடுவில் உள்ள தூரம். வகுத்தால் வேகம். ஆறாம் வகுப்புக் கணக்கு.

செப்டம்பரில் ஒரு தப்பு செய்தேன். கெமின் படம் வருவதற்கு முன்பே, இணையத்து வரைபடம் ஒன்றை நம்பி, உலான் வருகிறது என்று ஊர்க் குழுவில் போட்டுவிட்டேன். மீன் விற்கிற பெண்கள் கடையைச் சுருட்டினார்கள், படகுகள் போகவில்லை. வளிமுகம் வடக்கே கஸாக் பக்கம் நழுவிப்போனது. இங்கே ஒரு இலைகூட அசையவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பட்டப்பெயர் 'உலான் டீச்சர்'. பிள்ளைகள் வகுப்பில் வாயால் ஊதிக் காட்டுகிறார்கள். அதனால் ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்: கெமின் சொல்லாமல் நான் சொல்லமாட்டேன்.

ஷாமிர்பெக்கின் அறுபதாம் பிறந்தநாள் விருந்து அக்டோபர் முதல் சனிக்கிழமை. மணல் குவாரியும் கார் கழுவும் கொட்டகையும் வைத்திருக்கிற ஆள், அம்மாவுக்குத் தூரத்து அண்ணன். ஏரிக்கரை மணலில் ஆறு கம்பளிக் கூடாரங்கள், முன்னூறு பேர். அம்மா சமையலுக்கு, நான் தேநீர் ஊற்றுவதற்கு. கேட்டுக் கூப்பிடவில்லை, 'வந்துடுங்க' என்றார்கள். முதல் தர மாணவிக்குத் தரும் சிவப்பு டிப்ளமா வாங்கியவள் கெண்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

பதினொன்று இருபதுக்கு காரா-பால்டா படம் வந்தது. இருபத்தொன்றிலிருந்து ஒன்பது, இருபதே நிமிஷத்தில். என் சட்டத்தை மீறி ஷாமிர்பெக்கிடம் மட்டும் போய்ச் சொன்னேன். வயதில் மூத்த ஆணை 'பைக்கே' என்போம், பெண்ணை 'எஜே'.

"பைக்கே, இன்னிக்கு உலான் வரலாம். இன்னும் உறுதி இல்ல. சாப்பாட்டைக் கொஞ்சம் முன்னாடி வெச்சுக்குங்க."

"வரலாமா? போன மாசமும் வரலாம்னுதானே சொன்ன?" அவர் தன் உயரமான வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "வானத்தைப் பாருடி பொண்ணே. கழுவி வெச்ச கிண்ணம் மாதிரி இருக்கு. போ, மாவட்டத்துலேருந்து வந்தவங்களுக்கு டீ ஆறுது."

பெரிய கூடாரத்துக்குள் நுழைந்து மேலே பார்த்தேன். கூடாரத்தின் உச்சி வளையத்திலிருந்து காற்றுக்கயிறு தொங்க வேண்டும். காற்று வந்தால் அதை இழுத்துத் தரையில் முளையடித்துக் கட்டுவார்கள். கூடாரம் எழும்பாமல் பிடித்து வைப்பது அதுதான். இங்கே அதைச் சுருட்டி, வளையத்தோடு சேர்த்துக் கட்டி, பிளாஸ்டிக் ரோஜா குத்தியிருந்தார்கள். விருந்தினர் தொப்பியில் இடிக்கிறதாம். ஆறு கூடாரத்திலும் ரோஜா. சமையல் கூடாரத்தில் இன்னும் மோசம். அடுப்பை வழக்கம்போல வெளியே வைத்தால் ட்ரோன் படத்தில் புகை விழும் என்று உள்ளேயே வைத்திருந்தார்கள். கொப்பரை நிறையக் கொதிக்கும் எண்ணெயில் அம்மா போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்குக் கெமின் பங்கிலிருந்து அனாரா குரல்செய்தி அனுப்பினாள். "எஜே, விழுந்துருச்சு! இருபதுலேருந்து எட்டு! எங்க குப்பைத் தொட்டி ரோட்டைத் தாண்டி ஓடுது எஜே, நான் அதைத் துரத்தணுமா, போட்டோ எடுக்கணுமா?" பின்னால் காற்று ஊளையிட்டது. கணக்குப் போட்டேன். மூன்று இருபது.

ஊர்க் குழுவில் போட்டேன். மூன்று படகுக்காரர்கள் கட்டைவிரல் காட்டினார்கள். விருந்தில் இருந்தவர்கள் போனையே பார்க்கவில்லை. ஷாமிர்பெக் மாவட்டத்து ஆட்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மைக் வைத்திருந்த தொகுப்பாளர் தலாய்பெக்கிடம் போனேன். ஊரில் எந்தக் கல்யாணமும் அவன் வாயில்லாமல் நடக்காது.

"மூணு இருபதுக்கு உலான் வருது. எல்லாரையும் வெளியே போகச் சொல்லு. இல்ல, அந்தக் கயிறையாவது அவிழ்த்துக் கட்டச் சொல்லு."

அவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான். "அன்பானவங்களே, ஒரு முக்கிய அறிவிப்பு! நம்ம உலான் டீச்சர் மூணு இருபதுக்குக் காத்து வருதுன்னு சொல்றாங்க. மாப்பிள்ளை வர்ற நேரத்தையும் அப்படியே பார்த்துச் சொல்லிடுங்க டீச்சர், நாங்க மொத்தமா காத்திருக்கோம்!"

ஆறு கூடாரத்திலும் சிரிப்பு. ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்ததால் ஆறும் ஒரே நேரத்தில் சிரித்தன. சமையல் கூடாரத்திலும் சிரித்தார்கள். அம்மா சிரித்தாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

நானே முக்காலி போட்டு ஏறி அந்தக் கயிற்றைப் பிடித்தேன். விரல் முடிச்சில் படும்போது ஷாமிர்பெக்கின் மருமகன் என் இடுப்பைப் பிடித்து, பொம்மையை இறக்குவது போல இறக்கிவிட்டான். "அலங்காரத்தைக் கெடுக்காத, எஜே." எஜே என்று மரியாதையாகத்தான் சொன்னான். கை மட்டும் எஜே என்று நினைக்கவில்லை.

மூன்று மணிக்கு இறைச்சி முடிந்தது. ஓமோர்பாய் ஆசி தொடங்கினார். எண்பத்திரண்டு வயது, சட்டையில் நாலு பதக்கம். தலாய்பெக் மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தான். முன்னூறு பேரும் கையை மலர்த்தி ஏந்தினார்கள். ஏந்திய கையோடு யாரும் எழ மாட்டார்கள். கூடாரம் தீப்பிடித்தாலும் எழ மாட்டார்கள். கடைசியில் 'ஓமின்' வரும், முகத்தை வழித்துக்கொள்வார்கள், அப்புறம்தான் கால் நீளும்.

ஓமோர்பாயின் ஓமின் சீக்கிரம் வருகிற ஓமின் இல்லை. ஷாமிர்பெக்கின் ஏழு தலைமுறை முன்னோரை வாழ்த்தினார். குவாரியை வாழ்த்தினார். மாவட்டச் சாலைகளை வாழ்த்தினார், அந்தச் சாலைகளை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மூன்று ஐந்துக்கு வேன் ஓட்டுகிற சம்சாக் பைக்கே கணவாயிலிருந்து ஒரு வரி அனுப்பினார்: 'சிவப்புப் பாலத்துக்கிட்ட நிக்கறேன், கதவு திறக்க முடியல, மண்ணு சுவரு மாதிரி வருது.' மூன்று பத்துக்கு ஓமோர்பாய் குதிரைகளுக்கு வந்திருந்தார். ஆடுகள் பாக்கி. பேரன்கள் பாக்கி. ஷாமிர்பெக்குக்குப் பதினொரு பேரன்.

"...உன் வாசல்ல கட்டின குதிரை கனைக்கட்டும், உன் மூத்த பேரன்..."

நான் தலாய்பெக் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"ஓமின்!"

ஓங்கிச் சொல்லி, முகத்தை வழித்தேன். முன்னூறு பேரும் வழித்தார்கள். யோசித்துச் செய்தது இல்லை. பிறந்ததிலிருந்து பழகின கை, தானாகப் போய்விட்டது. ஓமோர்பாயின் கையே முகத்துக்குப் போனது, வாய் மட்டும் பேரன் மேல் நின்றிருந்தது. கால்கள் நீண்டன. செருப்புத் தேட ஆரம்பித்தார்கள்.

"எல்லாரும் மணலுக்குப் போங்க! கூடாரத்தை விட்டுத் தள்ளி நில்லுங்க!" என்று கத்தி மைக்கைப் போட்டுவிட்டு சமையல் கூடாரத்துக்கு ஓடினேன்.

அம்மாவும் மற்ற நாலு பெண்களும் அப்படியே நின்றார்கள். விருந்து முடிந்தால் வெளியே போவது விருந்தாளிகள். சமைத்தவர்களுக்கு அப்போதுதான் பாத்திரம்.

"யாருடி ஓமின் சொன்னது? உன் குரல் மாதிரி..."

"வெளிய வா, அபா."

"எண்ணெ கொதிக்குது. இன்னும் ரெண்டு ஈடு இருக்கு."

அம்மாவிடம் பேசி ஜெயிக்க எனக்கு இருபத்தாறு வருஷத்தில் முடிந்ததில்லை. தேநீர்க் கெண்டியை எடுத்து, கொப்பரைக்குக் கீழே அடுப்பு வாயில் முழுசாகக் கவிழ்த்தேன். அடுப்புத் தீயில் தண்ணீர் ஊற்றுவது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும், கெண்டியைப் பிடித்த கைக்கும் தெரியும். சாம்பலும் ஆவியுமாகக் கூடாரம் நிறைந்தது. ஐந்து பேரும் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த அம்மா, முன்னூறு பேர் பார்க்க, என் கன்னத்தில் அறைந்தாள்.

மணி மூன்று பதினெட்டு.

மூன்று இருபது ஆனது. ஒன்றும் வரவில்லை.

ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. வெயில் கழுத்தில் அடித்தது. ஷாமிர்பெக் என் முன்னால் வந்து நின்றார். "இருபது ஆச்சு. எங்க உன் உலான்?"

"வரும்."

"பெரியவர் கால்ல விழு."

"மாட்டேன்."

"சோனுன்! உன் மகளைப் பாரு! நாலு புத்தகம் படிச்சுட்டா, ஆசியை அறுக்கற நாக்கு வந்துருச்சு!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "விழுடி. நான் கேக்கறேன். எனக்காக விழு."

அது அறையைவிட வலித்தது. விழவில்லை. தலாய்பெக், "கடிகாரத்துக்குச் சாவி குடுங்க டீச்சர்" என்றான். மூன்று இருபத்தைந்து. ஓமோர்பாயைக் கைத்தாங்கலாகத் திரும்ப உள்ளே அழைத்தார்கள். ஆசியை முதலிலிருந்து சொல்ல வேண்டுமாம். கூட்டம் பின்னால் திரும்பியது. 'எண்ணெ வீணாப் போகுது' என்று அம்மாவும் சமையல் கூடாரத்துப் பக்கம் நடந்தாள்.

நான் ஓடிப்போய் அந்த வாசலில் ஏறி நின்றேன். வாசல்கட்டையை மிதித்துக்கொண்டு, இரண்டு கையையும் நிலையில் ஊன்றி. அதுவும் பாவம்தான். ஒரே நாளில் மூன்றாவது.

"தள்ளு," என்றாள் அம்மா.

"இன்னொரு அடி வேணா அடி. உள்ள விடமாட்டேன்."

ஓங்கினாள். அப்போது தலாய்பெக் கத்தினான், "டேய், ட்ரோனை எங்கடா ஓட்டறே?"

ட்ரோன் ஓட்டின பையன் இரண்டு கட்டைவிரலையும் அழுத்திக்கொண்டே நின்றான். "நான் ஓட்டல பைக்கே." கீழே ஒரு புல்கூட ஆடவில்லை. மேலே ட்ரோன் பக்கவாட்டாக, ஏரியை நோக்கி, யாரோ கயிறு கட்டி இழுப்பது போல நழுவிப் போனது.

அம்மாவின் ஓங்கின கையை அப்படியே பிடித்து இழுத்துக்கொண்டு மணலில் ஓடினேன். மற்றவர்களும் ஓடினார்கள், ஓமோர்பாயை மருமகன் தோளில் போட்டுக்கொண்டான். மூன்று முப்பத்தொன்று. மேற்கே மலை இருந்த இடத்தில் மலை இல்லை. பழுப்பாக ஒன்று வந்தது, பிறகு சத்தம் வந்தது. பெரிய கூடாரம் பாவாடை தூக்குவது போலத் தூக்கி, ஒருமுறை நின்று, தலைகீழாகப் போனது. அதிலிருந்து பறந்த கழி ஒன்று தலாய்பெக்கின் நெற்றியைக் கிழித்தது. சமையல் கூடாரம் பறக்கவில்லை, உட்கார்ந்தது. கொப்பரை கவிழ்ந்து, அம்மா காலையிலிருந்து நின்ற இடம் முழுக்க எண்ணெய் ஓடியது. காற்று கொஞ்சம் தணிந்தபின் அதை நானும் அவளும் போய்ப் பார்த்தோம். மணல் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது.

தலாய்பெக்குக்கு ஆறு தையல். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

நன்றி வரும் என்று நினைத்தீர்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. ஒரு பெண் ஆசியைப் பாதியில் அறுத்தாள், அடுப்பை அணைத்தாள், வாசலை மிதித்தாள். அதனால்தான் உலான் வந்தது. காரா-பால்டாவில் பதினொன்று இருபதுக்கே அது கிளம்பிவிட்டது என்று படம் காட்டினேன். "அப்பவே நீ மனசுல நினைச்சிருப்ப" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் பதில் சொல்லித் தருகிறார்கள்?

ஞாயிறு காலை அம்மா ரொட்டியை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை மணிக்கு வரும்னு சொன்ன?"

"மூணு இருபது."

"வந்தது?"

"முப்பத்தொண்ணு."

"பதினோரு நிமிஷம் லேட்டு." ரொட்டியின் நடுத்துண்டை என் பக்கம் தள்ளினாள். "அடுத்த தடவை கணக்கைச் சரியாப் போடு. ஓங்கின அடி ஒண்ணு மிச்சம் இருக்கு."

அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கன்னம் இன்னும் எரிந்தது. ரொட்டியைச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை தலைமையாசிரியை ஒரு வெள்ளைத்தாளை என் மேசையில் வைத்தார். பெரியவருக்கு மன்னிப்புக் கடிதம், இன்று மதியத்துக்குள். ஷாமிர்பெக் பள்ளிக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தவராம். 'மதிப்பிற்குரிய ஓமோர்பாய் அவர்களுக்கு' வரை எழுதினேன். போன் அதிர்ந்தது. காரா-பால்டா, பதினாறிலிருந்து ஐந்து. பிறகு டோக்மோக். பிறகு, பன்னிரண்டு ஐம்பதுக்கு, கெமின்.

இந்த முறை கணவாய்க்குள் அது பிடிக்கிற தாமதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். குழுவில் எழுதினேன்: 'இன்று மதியம் இரண்டு இருபது. ஆசி வழங்க வேண்டியவர்கள் அதற்குள் வழங்கி முடிக்கவும்.'

வகுப்பறை ஜன்னலிலிருந்து ஷாமிர்பெக்கின் கார் கழுவும் கொட்டகை தெரியும். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவரே வெளியே வந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்களை விரட்டித் தார்ப்பாயை இறக்கச் சொன்னார். எங்கள் பள்ளியின் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

கடிதத்தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் கெமின் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.