சக்கரத்தில் வெந்த கூழ்

ஆடி பிறந்ததுமே எங்கள் சைட்டில் நெருப்பு பற்றவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பீடியும் கூடாது. கேட்டுக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு எலக்ட்ரானிக் போர்டு நிற்கிறது. உள்ளே எவ்வளவு புகை உண்டாகிறது என்பதை அது காட்டும். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை முழுக்க அது சைபர் காட்டினால் புகையே இல்லாத நகரம் என்று பட்டம் கிடைக்கும். பட்டம் கிடைத்தால் இன்னும் ஏழு டவர் கட்ட அனுமதி. ஏழு டவர் கட்டினால் எவ்வளவு புகை வரும் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதில் சென்ட்ரிங் வேலை இருக்கிறது.

கட்டி முடித்த டவர்களுக்கு நடுவில் எல்லையம்மன் கோயில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் நிலத்தையெல்லாம் விற்றார்கள், கோயிலை மட்டும் விற்கவில்லை. போன வருஷம் மஞ்சள் காமாலை வந்து நான் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, என் பெண்சாதி பார்வதம் இந்த அம்மனிடம்தான் வேண்டிக்கொண்டாள். ஆள் பிழைத்தால் வருகிற ஆடி மூன்றாம் ஞாயிறு, விறகு அடுப்பில் கூழ் காய்ச்சி உச்சிப்பொழுதுக்குள் ஊற்றுகிறேன் என்று. நான் பிழைத்துவிட்டேன். கூழ் ஊற்றாவிட்டால் என் உயிருக்கு யார் பொறுப்பு என்பது அவள் கேள்வி. எனக்கும் அதே கேள்விதான்.

மேனேஜர் ஜெகதீஷ் சேலத்துப் பையன். நல்ல பையன். கரண்ட் அடுப்பு ஒன்றைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் அலுமினிய அண்டாவை அந்த அடுப்பு கண்டுகொள்ளவே இல்லை. கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோனது.

"கேட்டுக்கு வெளிய காச்சிக்கறோம் சார்" என்றேன்.

"வெளியதான் அண்ணே ரெண்டாம் கட்டம் வருது. அதுவும் நம்ம கணக்கு."

"அப்போ ரோட்டுக்கு அந்தாண்ட?"

"அது மூணாம் கட்டம்."

போனில் படத்தைக் காட்டினார். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் தொடங்குகிற வரைக்கும் பச்சையாக இருந்தது. மரமாக்கும் என்று நினைத்தேன். எல்லாம் டவராம்.

பார்வதம் போர்டுக்குப் பின்னால் போய் நின்றாள். அந்தப் போர்டுக்குக் கரண்ட் கொடுக்கிற டீசல் ஜெனரேட்டர் அங்கே கறுப்பாகப் புகை தள்ளிக்கொண்டிருந்தது.

"சைபர்னு போட்டுக்கீதே, இது இன்னா சாம்பிராணியா?"

"அதுக்குச் சக்கரம் இருக்கும்மா. சக்கரம் இருந்தா வண்டிக் கணக்கு. எங்க கணக்குல வராது."

குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிற எத்திராஜ் பக்கத்தில் நின்று காது குடைந்துகொண்டிருந்தான். குடைவதை நிறுத்தினான்.

"மாமே, நம்ம வண்டிக்கும் நாலு சக்கரம் கீது."

ஜெகதீஷ் மேலிடத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். ஓடுகிற வண்டியில் அடுப்பு எரிந்தால் ஆட்சேபணை இல்லையாம். ஆனால் வண்டி நிற்கக் கூடாது. நின்றால் அது இடம். இடம் என்றால் கணக்கு. நிற்கிற ஜெனரேட்டருக்கு மட்டும் அது பொருந்தாதாம்.

ஞாயிறு காலையில் குட்டியானையின் தட்டில் மணல் கொட்டி, செங்கல் அடுக்கி, அடுப்பு போட்டோம். சவுக்குக் கட்டை. முந்தின நாளே புளிக்க வைத்த கேழ்வரகு மாவு. வண்டி உருள ஆரம்பித்த பிறகுதான் பார்வதம் கற்பூரத்தைப் பற்றவைத்தாள். பைக்கில் ஜெகதீஷ் பின்னால் வந்தார், நிற்கிறோமா என்று பார்க்க.

சென்னீர்குப்பம் போய்த் திரும்புவதற்குள் அண்டாவில் போட்ட நொய்யரிசி வெந்தது. மாவைக் கரைத்து ஊற்றினோம். நான் துடுப்பு போட்டுக் கிண்டினேன். ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் கூழ் எழும்பி என்னைப் பார்த்துவிட்டு உட்காரும்.

பூந்தமல்லி தாண்டியதும் ரோடு அடைத்துக்கொண்டது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கார்.

"நிக்காதீங்க! நிக்காதீங்க!" என்று ஜெகதீஷ் அலறினார்.

"பறக்கச் சொல்றியா சார்?" என்றான் எத்திராஜ். ஆனாலும் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். ஒரு முழம் முன்னால் விட்டான், ஒரு முழம் பின்னால் எடுத்தான். முன்னால், பின்னால், முன்னால். பின்னால் இருந்த காரில் இரண்டு தரம் இடித்தான்.

"ஏந்தம்பி, கூழு காச்சறியா, குயந்தைக்கு ஊஞ்சலாட்டறியா?" என்று பார்வதம் திட்டினாள்.

இடிபட்ட கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார். எங்கள் அடுப்புப் புகை முழுவதும் அவர் காருக்குள் போனது. இருமி முடித்தார்.

"ஏங்க, இந்தப் புகையில்லாத பிளாட்டுக்கு இப்படித்தானே போகணும்?"

"இப்படித்தான்" என்றேன்.

"முன்னாடி நிக்கிற எல்லாரும்?"

"அல்லாரும் அங்கதான் சார் வராங்க. மாடல் வீடு இன்னிக்குக் காட்டறாங்க."

"அம்பத்தூர்ல இருந்து வர்றோம். அங்க மூச்சு விட முடியல" என்று சொல்லிவிட்டு அவர் ஏசியைக் கூட்டி வைத்தார்.

வெயில் தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் எங்கள் கேட்டின் வளைவு தெரிந்தது. வண்டி போகாது. பார்வதம் வெயிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், ஏதோ நான் இன்னொரு தரம் மஞ்சளாகிக்கொண்டிருக்கிற மாதிரி.

துடுப்பால் எடுத்து விரலில் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை. வெந்திருந்தது.

"புகை உடறது அடுப்பு. அண்டா இன்னா பண்ணுச்சு? எறக்குய்யா."

காலையிலிருந்து எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. துணி சுற்றி, நானும் அவளும் அண்டாவை ஆளுக்கு ஒரு காதாகப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடலாமா என்று எத்திராஜ் ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"சாமிக்கு ஏத்தின நெருப்பு, அதுவா அணையணும். ஓட்டிகினே இரு தம்பி" என்றாள்.

கார்களின் ஓரமாக நடந்தோம். நாங்கள் கடந்துபோன எந்தக் காரும் திரும்ப எங்களைக் கடக்கவில்லை. கை வெந்தது. கேட்டில் எங்களுக்கு முன்னால் வந்து ஜெகதீஷ் குறுக்கே நின்றார்.

"ஆவி வருதே அண்ணே."

"கூழுன்னா ஆவி வரும் சார்."

"ஆவி எந்தக் கணக்குல வரும்னு தெரியலையே." மறுபடி மேலிடத்துக்குப் போன் போட்டார். மேலிடம் அவரைக் காத்திருக்கச் சொன்னது. போனில் குயில் கூவும் சத்தம் கேட்டது. இரண்டாவது தரம் குயில் கூவும்போது பார்வதம் என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பூசாரி உச்சிப் பூசை மணியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். முதல் கரண்டி அம்மனுக்கு விழுந்தது. இரண்டாவது கரண்டியை என் வாயில் ஊற்றினாள். டீசல் வாசனை அடித்தது. அப்படியே முழுங்கினேன். அதற்கப்புறம்தான் அவள் படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

பிளாட் பார்க்க வந்தவர்கள் எல்லாம் கூழுக்கு வரிசை கட்டினார்கள். திரும்பிப் போய் ஏறும்போது சீட்டு சுடக்கூடாது என்று ஏசியோடு இன்ஜினை ஓடவிட்டே வந்திருந்தார்கள். போர்டு சைபர் காட்டியது. ஜெகதீஷ் ஒரு கையில் குயிலும் ஒரு கையில் கூழுமாக நின்று குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

என் போன் அடித்தது. எத்திராஜ்.

"மாமே, டீசல் தீந்துகினு கீது. பெட்ரோல் பங்க்குக்குப் போனா, பின்னாடி நெருப்பு கீதுன்னு தொரத்தறான். நின்னா கணக்குன்னாரு மேனேஜரு. நான் இன்னா பண்ணட்டும்?"

"அணையலியா?"

"சவுக்கு மாமே. சாய்ந்தரம் வரிக்கும் எரியும்."

பார்வதத்திடம் சொன்னேன். அவள் எழுந்து ஒரு சொம்பில் கூழை ஊற்றி என் கையில் கொடுத்தாள். "சமைச்சவன் பட்டினி கெடந்தா சாமி ஏத்துக்காது. போய்க் குடு."

ரோட்டோரம் நின்றேன். எதிர்ப்பக்கம் ரோடு காலியாக இருந்தது. குட்டியானை புகையோடு ஆடி ஆடி வந்தது. கூடவே ஓடி ஜன்னல் வழியாகச் சொம்பை நீட்டினேன். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். சொம்பைத் திரும்ப என் கையில் திணித்தான்.

"வெங்காயம் எங்க மாமே?"

"மறந்துட்டேன்டா."

"அடுத்த ரவுண்டுல எடுத்துகினு வா" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான். வெங்காயம் எடுக்க நான் திரும்பி உள்ளே நடந்தேன்.