முதல் வகுப்பில் இரண்டு டீ

1

இந்தக் கதையில் நிஜமாக நடந்தது இரண்டே வாக்கியங்கள். 1988, தை மாதம், ராஜபாளையம் ரயில் நிலையம். கொல்லம் மெயில் நின்றுகொண்டிருந்தது. முதல் வகுப்பு ஜன்னல் ஒன்றில் குனிந்து டி.டி.ஆர். கேட்டார்:

"சார், மேடம் எங்க?"

"பாத்ரூம்ல இருக்காங்க."*

ஷட்டர் இறங்கியது. வண்டி போய்விட்டது. மீதியெல்லாம் பொருளாதார வகுப்பின் கடைசி பெஞ்சில் நான் தயாரித்தவை.

(* வண்டி நிலையத்தில் நிற்கும்போது கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது என்று பெட்டிக்குள்ளேயே எழுதியிருக்கும். டி.டி.ஆர். அதைப் படித்தவர்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"மலைகள் நீலப் பட்டுடுத்தி—" வேண்டாம். அந்த மலையைத் தினமும் பார்க்கிறேன். அது எதையும் உடுத்துவதில்லை.

"முதல் வகுப்பு மெத்தையின்—" நான் அதில் உட்கார்ந்ததே இல்லை.

"தனுஷ்கோடிக்குக் கல்யாணம் நின்றுபோயிருந்தது." இது இருக்கட்டும்.

தனுஷ்கோடி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் குமாஸ்தா. பெண் கோதைநாயகி, ஸ்ரீவில்லிபுத்தூர். கல்யாணத்துக்கு மறுநாள் மலை வழியாகக் கொல்லம் போவதாக அவன் திட்டம். குகை, பதிமூன்று கண் பாலம் எல்லாம் உண்டு. அதற்காகக் கூப்பே எடுத்தான். கதவைச் சாத்தினால் இரண்டே பேருக்கான அறை. அதை முன்கூட்டியே பதிய வேண்டும். பதிந்தான். அதற்குப் பிறகுதான் பெண் வாயைத் திறந்தாள்.

ஏன் நின்றது? [அவளுக்கு வேறொருவன்— அடித்துவிட்டேன். ஜாதகத்தில்— அதையும்.] அவள் தன் அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவிய நல்லவியதாம்ப்பா. எனக்குத்தான் பிடிக்கலை."

இதைவிட நல்ல காரணம் ஒன்று கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. தனுஷ்கோடியும் முயன்றுகொண்டிருக்கிறான்.

3

ஊர் அவனிடம் மெதுவான குரலில் பேச ஆரம்பித்தது. டீக்கடையில் கேட்காமலே சீனி கூடுதலாகப் போட்டார்கள். "விடுலே, அம்புட்டுதான் கொடுப்பினை" என்று மில் கேட்டுக்காரர்கூடச் சொல்லிவிட்டார்.

ஆகவே அவன் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. விஷயம் தெரியாத ஒரே இடம் அந்த வண்டிதான். கொல்லம் வரை அவன் கல்யாணமானவன். அவனுக்கு வேண்டியது அவ்வளவே.

டிக்கெட் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து. எனவே பஸ்ஸில் வடக்கே போய், அங்கே ரயிலேறி, திரும்பத் தன் ஊருக்கே வந்து, ஷட்டரை இறக்கிக்கொண்டான்.

4

எழுதும்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. மலை மேற்கே. கூப்பேயின் ஜன்னல் கிழக்கே. மலையைப் பார்க்கக் கதவைத் திறந்து, பெட்டியின் மேற்குப் பக்க வராந்தாவுக்கு வர வேண்டும். திறந்தால் காலி இருக்கை தெரிந்துவிடும். மலை பார்க்கக் கிளம்பியவன் வழியெல்லாம் பருத்திக்காடு பார்த்தான்.

(இரண்டாம் வகுப்பென்றால் "செத்த தள்ளி உக்காருங்க" என்பார் ஒருவர். "எங்க போறீய, எம்புட்டுச் சம்பளம்?" என்பார் இன்னொருவர். முதல் வகுப்பில் யாரும் எதுவும் கேட்பதில்லை. சொகுசு என்பது அதுதான்.)

சங்கரன்கோவிலில் ஜன்னல் வழியே இரண்டு டீ சொன்னான்.

"அம்மாவுக்குச் சீனி கம்மியா, கூடவா?" என்றார் டீக்காரர்.

அவனுக்குத் தெரியாது. நிச்சயதார்த்தத்தில் யாரும் அதைப் பேசவில்லை.

"கூடவே போடுங்க."

முதலில் தன்னுடையதைக் குடித்தான். செத்த நேரம் கழித்து அவளுடையதையும் குடித்தான். தித்திப்பு தாங்கவில்லை.

5

செங்கோட்டை. மலை ஏறுவதற்காக வண்டியின் வாலில் இன்னொரு எஞ்சின் மாட்டினார்கள். கதவு தட்டப்பட்டது. டி.டி.ஆர். கண்ணுச்சாமி; பக்கத்தில், முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்ட ஜவுளி வியாபாரி பீர் முகமது.

"மேடம் இன்னுமா பாத்ரூம்ல?"

"ஆமா."

"இவிய வைத்தியத்துக்குக் கொல்லம் போறாங்க. காலை நீட்டணும், எங்கயும் இடமில்லை. மேடம் வாராங்கன்னா சரி. வரலைன்னா ஒரு வார்த்தை சொல்லிருங்க சார்."

பீர் முகமது அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். இரண்டு காலி டம்ளர்கள் தெரிந்தன. முகம் மலர்ந்துவிட்டது.

"விடுங்க சார், சின்னஞ்சிறுசுக. நான் இந்த டிரங்குப் பெட்டி மேலயே உக்காந்துக்கிடுதேன்."

6

முடிவு அ: "வரலை" என்கிறான். பீர் முகமது காலை நீட்டி, வண்டி நகருமுன் கேட்கிறார்: "ஏன் தம்பி, கோவிச்சுக்கிட்டாகளா?" கொல்லம் வரை பதில் சொல்ல வேண்டும். கதவு திறந்திருக்கும், மலை தெரியும்.

முடிவு ஆ: "வந்துருவாங்க" என்கிறான். கதவைச் சாத்துகிறான். குகை இருட்டில் எதிர் இருக்கை காலி என்று யாரும் நிரூபிக்க முடியாது. வெளியே ஒரு மாவுக்கட்டு, ஒவ்வொரு வளைவிலும் சுவரில் இடித்துக்கொண்டே வரும்.

[முடிவு இ: கோதைநாயகி நிஜமாகவே பாத்ரூமிலிருந்து வருகிறாள். கிழித்துவிட்டேன். வந்தவள் என்னைப் பார்த்து, "அப்பவே சொல்லிட்டம்லா?" என்றாள்.]

அன்று ராஜபாளையம் நடைமேடையில் நான் யாரை வழியனுப்ப நின்றேன் என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. நீங்களும் முதல் வகுப்புதான் போல.

பரவாயில்லை. பின் எஞ்சின் ஊதிவிட்டது. கண்ணுச்சாமி காதில் செருகிய பென்சிலை எடுக்கிறார். பீர் முகமது டிரங்குப் பெட்டியில் உட்காரக் குனிகிறார். தனுஷ்கோடி வாயைத் திறக்கிறான்.

ஒரே வார்த்தை. அவனுக்காக நீங்கள் சொல்லிவிடுங்கள்.