ஆறாம் நம்பர் செருப்பு

பஸ் இன்னும் கிளம்பவில்லை. அதற்குள் அவன் மூன்று முறை எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

முதல் முறை, மேலே வைத்த பையைச் சரிசெய்ய. இரண்டாம் முறை, முன் சீட்டு அம்மாளின் குடையை எடுத்துக் கொடுக்க. அந்த அம்மாள் கேட்கவே இல்லை. மூன்றாம் முறை எதற்கென்று அவனுக்கே தெரியாது.

"கொஞ்சம் உட்காருங்களேன். பஸ்ஸை நீங்களா ஓட்டப் போறீங்க?" என்றாள் மனைவி.

"கால் மரத்துப் போச்சு."

"உட்கார்ந்து ரெண்டு நிமிஷம் ஆகல. அதுக்குள்ளயா?"

அவன் பொய் சொல்லவில்லை. பதினாறு வருஷமாகச் செருப்புக் கடையில் நின்றே பழகிய கால்கள் அவை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் மறுபடி இறக்கும்வரை நிற்பது, முட்டி போடுவது, ஏணி ஏறுவது, இவைதான் அவன் வேலை. இடையில் உட்காருவதென்று ஒன்று கிடையாது. கடையின் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுகிறார்கள் என்று முதலாளி ஒரு வாரம் மூடியதால்தான் இந்த விடுமுறையே கிடைத்தது. மகளை அவன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக இருவர் மட்டும் வெளியூர் வந்திருந்தார்கள்.

வந்த மறுநாளே ஓட்டல் வாசலில் ஈர மணலோடு தாறுமாறாகக் கிடந்த செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்து, சைஸ் வாரியாக அடுக்கி வைத்துவிட்டான். தன் செருப்பைக் காணோம் என்று ஒருவர் ரிசப்ஷனில் சண்டைக்குப் போய்விட்டார். மகள் தினமும் போனில் கேட்கும் முதல் கேள்வி, "அம்மா, அப்பா அங்க யாருக்காவது செருப்பு வித்துட்டாரா?" என்பதுதான்.

ரிசப்ஷன் பலகையில் 'ஒருநாள் ஷாப்பிங் சுற்றுலா, நான்கு இடங்கள்' என்ற தாளைப் பார்த்ததும் அவள் அவனைக் கேட்காமலே இரண்டு பெயரை எழுதிவிட்டு வந்தாள். நான்கில் மூன்றாவது இடம் ஒரு பெரிய செருப்புக் கடை.

விஷயம் இதுதான். செருப்புக் கடைக்காரனின் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து ஒரு கடையில் உட்கார்ந்து காலை நீட்டி ஒரு செருப்பைப் போட்டுப் பார்த்ததில்லை. வேண்டியதெல்லாம் வீட்டுக்கே வந்துவிடும். கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்த ரகம் மாறும்போது, பழைய ஜோடியை முதலாளி ஊழியர்களுக்குக் கொடுத்துவிடுவார். அதிலும் ஒரு வேடிக்கை. கண்ணாடிக்குள் வைப்பது ஒற்றை வலது கால் மட்டும்தான். இடது கால் பெட்டிக்குள்ளேயே இருக்கும். அதனால் அவள் போட்ட எல்லாச் செருப்பிலும் வலது கால் வெயில் பட்டு வெளுத்தும், இடது கால் புத்தம் புதிதாகவும் இருக்கும். ஒரு கால் மட்டும் முன்னால் போய் வயதானது போல. யாரும் கவனித்ததில்லை. அவள் கவனித்திருக்கிறாள், ஒவ்வொரு நாளும்.

"நான் ஒண்ணு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு. மூணாவது கடையில உன் பக்கத்துல உட்காரணும். அவ்வளவுதானே?"

"எந்திரிக்கக் கூடாது."

"மாட்டேன்."

"பெட்டியைத் தொடக் கூடாது. கடைக்காரங்க எதைக் காட்டினாலும் குறுக்க பேசக் கூடாது. மத்தவங்க வீட்டுக்காரர் மாதிரி சும்மா உட்கார்ந்து, நல்லாருக்கு, நல்லா இல்லைன்னு சொல்லணும்."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க."

முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஏதோ பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். பஸ்ஸில் ஏறிய அரை மணிக்குள் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா ஆகிவிட்டார்.

கைடு ஒரு இளம்பெண். கழுத்தில் விசில், கையில் பெயர்ப் பட்டியல். பஸ் கிளம்பும்போது தூறல் பிடித்துக்கொண்டதால், ஆளுக்கொரு மஞ்சள் மழைக்கோட்டை நீட்டினாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை தொங்கும் மெல்லிய பிளாஸ்டிக் கோட்டு. "யாரும் கழட்டாதீங்க. கூட்டத்துல உங்களை அடையாளம் கண்டுபிடிக்க எனக்கும் இதுதான் வசதி. சாயந்திரம் மறக்காமத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றாள். அரை நிமிஷத்தில் பஸ்ஸே மஞ்சளாகிவிட்டது.

முதல் கடையில் துண்டு, போர்வை. இரண்டாவதில் கண்ணாடிப் பாத்திரம். அவளுக்கு எதிலும் கண் போகவில்லை. ஒவ்வொரு கடையிலும் வாசல் பக்கத்திலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் டீச்சரம்மா ஒரு ஜாடியை எடுப்பதும் வைப்பதுமாகப் பத்து நிமிஷத்தை விழுங்கினார். தன் நேரம்தான் அங்கே உடைந்து சிதறுகிறது என்பதுபோல் அவளுக்குப் பதைபதைத்தது. விசில் எப்போது ஊதும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருக்க, ஏன் இன்னும் ஊதவில்லை என்று தவித்தவள் அவள் ஒருத்திதான்.

ஒருவழியாக மூன்றாவது கடை வந்தது. "ஐம்பது நிமிஷம். அதுக்கு மேல பஸ் நிக்காது" என்றாள் கைடு.

நீளமான கூடம். கூரையைத் தொடும் அலமாரிகளில் பெட்டி பெட்டியாக அடுக்கு. நடுவில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை பெஞ்சு. நாற்பது மஞ்சள் கோட்டுகள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய, கடையிலோ இருந்தது இரண்டே பேர்: கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த கடைக்காரர், அவருடைய மருமகள்.

அவள் பெஞ்சின் ஓரத்தில் இடம் பிடித்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, காலை நீட்டித் தரையில் விரித்திருந்த தாளின் மேல் வைத்தாள். மனசு குறுகுறுத்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட இப்படிக் குறுகுறுத்ததில்லை.

நான்கு நிமிஷம் அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்று சொன்னால் போதாது. விரலால் முட்டியில் தாளம் போட்டான். கழுத்தை நீட்டினான்.

"அந்த மனுஷன் அடியில இருக்கிற பெட்டியை உருவுறார் பாரு. மேல இருக்கிறதெல்லாம் சரியப் போகுது."

"சரிஞ்சா சரியட்டும்."

சரிந்தது. பதினைந்து இருபது பெட்டிகள் கடைக்காரரின் தலையிலும் தோளிலும் விழுந்து வாய் பிளந்தன. மூடிகள் ஒரு பக்கம், செருப்புகள் ஒரு பக்கம். ஜோடி பிரிந்த செருப்புகளைப் பார்த்ததும் அவன் முகம், குழந்தை கீழே விழுந்ததைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

"ஒரே நிமிஷம்" என்றான்.

அந்த நிமிஷம் முடியவே இல்லை. பெட்டிகளை அடுக்கினான். அடுக்கும்போதே ஒருவர், "இதுல ஒன்பது இருக்கா?" என்று கேட்க, கையில் இருந்ததைக் கொடுத்தான். அடுத்தவர் கேட்டார். கடைக்காரர் மறுபேச்சில்லாமல், குதிகாலை உள்ளே நுழைக்க உதவும் செருப்புக் கரண்டியை அவன் கையில் திணித்துவிட்டார். அதோடு சரி. ஏணியில் ஏறினான், இறங்கினான், குனிந்தான், காலைப் பார்த்தே சைஸ் சொன்னான்.

அவன் வேலை செய்வதை அவள் பார்த்ததே இல்லை. குடும்பத்தார் கடைப்பக்கம் வருவது அவன் முதலாளிக்குப் பிடிக்காது. வீட்டுக்குத் தோள் தொங்க வரும் மனுஷனா இது? எவ்வளவு லாவகம், எவ்வளவு சிரித்த முகம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. இந்தச் சிரிப்பெல்லாம் இவ்வளவு நாள் எவர் எவர் காலுக்கோ போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இருபது நிமிஷம். முப்பது. அவள் கால் தாளின் மேல் சில்லிட்டது. கூப்பிடலாமா என்று வாய் திறக்கும். நானாகக் கூப்பிட்டு வருவதில் என்ன இருக்கிறது என்று மூடிக்கொள்ளும். எழுந்து பஸ்ஸுக்கே போய்விடலாமா என்று செருப்பைக் காலால் தேடினாள். பிறகு விட்டுவிட்டாள்.

பக்கத்தில் டீச்சரம்மா புதுச் செருப்போடு காலை இப்படியும் அப்படியும் திருப்பி அழகு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஏணியடியில் நின்றவனைப் பார்த்தார். வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற அந்தக் குரலை எடுத்தார்.

"தம்பி, இந்த வரிசையில கடைசி ஆளை இன்னும் யாரும் கவனிக்கலையே."

"இதோ வந்துட்டேன் மேடம்."

வந்தான். தலை நிமிராமலே வந்தான். கையில் இருந்த பெட்டியை யாரிடமோ கொடுத்தபடி, குட்டை முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தான். அவனுக்கு முன்னால் இருந்தது இன்னொரு மஞ்சள் கோட்டு, அதற்குக் கீழே ஒரு ஜோடிக் கால்.

அவள் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தினான். கட்டைவிரலால் பாதத்தின் ஓரத்தை ஒருமுறை அழுத்தினான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"நீங்க என்ன சைஸ் போடறீங்க மேடம்?"

"ஆறு." குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"ஆறா? இது ஏழாச்சே. அதுவும் அகலப் பாதம்." அவன் சுண்டுவிரலைத் தொட்டான். "இங்க பாருங்க, விரல் எப்படி உள்பக்கமா மடங்கிப் போயிருக்கு. மேல காய்ப்பு வேற. இது ஒரு நாள் ரெண்டு நாள்ல வந்தது இல்ல, பல வருஷமாச் சின்னச் செருப்பு போட்டு வந்தது. யாரு மேடம் உங்களுக்கு ஆறு வாங்கிக் கொடுக்கறது?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்தான்.

அவள் கோபப்பட நினைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. காதுவரை சிவந்து, வாய் பாதி திறந்திருந்தது. அவள் கால் இன்னும் அவன் கையிலேயே இருந்தது. டீச்சரம்மா தன் புதுச் செருப்பை மும்முரமாக ஆராய்வது போல் திரும்பிக்கொண்டார்.

அவன் குனிந்து பெஞ்சுக்கு அடியிலிருந்து அவள் செருப்பை எடுத்தான். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தான். ஆறு. கண்ணாடிக்குள் வைக்கும் ஜோடிகள் எல்லாமே ஆறாம் நம்பர்தான். சின்னதாக இருந்தால்தான் பார்வைக்கு அழகு என்று முதலாளி வேறு எதையும் வைக்க விடமாட்டார். இதை அவன் எத்தனையோ வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறான்.

வாசலில் விசில் ஊதியது. மஞ்சள் கோட்டுகள் பைகளோடு எழுந்தன.

அவனும் எழுந்தான். ஆயிற்று, கிளம்பிவிட்டான் என்று நினைத்து அவள் பழைய செருப்புக்குள் காலை நுழைத்தாள். அவன் நேரே கடைக்காரரிடம் போனான். செருப்புக் கரண்டியை அவர் கையில் கொடுத்தான். திரும்பி வந்து அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"விசில் ஊதிட்டாங்க" என்றாள் அவள்.

"கேட்டுது."

"பஸ் போயிடும்."

"போகட்டும். செருப்பைக் கழட்டு."

கைடு பட்டியலோடு உள்ளே வந்தாள். "சார், நாலாவது கடைதான் பெரிசு. எல்லாரும் ஏறிட்டாங்க."

"நாங்க வரலம்மா. சாயந்திரம் இதே ரோட்டுலதானே திரும்புவீங்க? வாசல்ல நிக்கறோம், ஏத்திக்குங்க."

"கோட்டு?"

"ஓடிப் போக மாட்டோம். உங்க கோட்டோடதான் நிப்போம்."

கைடு பட்டியலில் எதையோ குறித்துக்கொண்டு போனாள். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பிய பிறகு, கடை திடீரென்று வெறிச்சென்று ஆனது. அவன் தன் முட்டியையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? பெட்டியை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு வருவீங்க. கண்ணை மூடு, கையை நீட்டுன்னு ஆட்டம் காட்டுவீங்க. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு, கடிக்குதுன்னு சொல்லவா முடியும்?"

"அதுக்காகப் பதினாறு வருஷமா?"

"முதல் தடவை நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். அப்புறம் சொன்னா, முதல்ல சொன்னது பொய்னு ஆயிடாதா? அதுலேயே மாட்டிக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நீங்க ஒரு தடவையாவது குனிஞ்சு பார்ப்பீங்கன்னு நினைச்சேன். ஊர்ல இருக்கிறவங்க காலையெல்லாம் பார்க்கறீங்களே" என்றாள்.

அவன் எழுந்து ஓடவில்லை, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

"ஐயா," என்று கடைக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தான், "இங்க ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கோம். கொஞ்சம் வந்து கவனிங்க."

அப்போதுதான் மூச்சு வாங்க முக்காலியில் சாய்ந்த கடைக்காரர் அவனைத் துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆனாலும் வந்தார். இரும்புத் தகட்டில் அவள் பாதத்தை வைத்து அளந்தார். ஏழு. நீல நிறத்தில் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து, வாரைத் தலைகீழாகக் கோத்துத் தடுமாறினார். அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டான்.

"உங்க காலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார் கடைக்காரர்.

அவள் எழுந்து கண்ணாடிவரை நடந்தாள், திரும்பி நடந்தாள். நீலம் பளபளத்தது. இரண்டு காலும் ஒரே நிறம். நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டத்தான் வந்தது, அப்படித்தான் பழக்கம். சுண்டுவிரல் ஓரம் லேசாக நெருடியது. லேசாகத்தான்.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடிக்குது" என்றாள்.

"போடப் போடச் சரியாயிடும்மா."

"ஆகாது. வேற காட்டுங்க."

கடைக்காரர் பெருமூச்சோடு எழுந்து ஏணியை இழுத்தார். அடுத்ததும் கடித்தது. அதற்கடுத்தது குதிகாலில் கழன்றது. ஒவ்வொன்றையும் அவள் உரக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது சுலபமாகிக்கொண்டே வந்தது. போட்டிருந்த மஞ்சள் கோட்டைக் கழற்றிச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு காலையும் நன்றாக நீட்டிக்கொண்டாள்.

"அந்த மேல்தட்டுல சிவப்பா ஒண்ணு இருக்கே, அதையும் எடுங்க."

முனை குறுகிய அந்தச் சிவப்பைப் பார்த்ததும், இதுவும் கடிக்கும் என்று அவன் சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டான்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. போட்டுப் பாரு. அவசரமில்ல."