நாலு சுரம் தாண்டி

ராடிம் இருபத்திரண்டு வருஷம் ஓபோ என்கிற மேல்நாட்டுக் குழலை ஊதினவர். செக் நாட்டு மொராவியாவில் ஒரு சின்ன நகரத்து இசைக்குழுவில் முதல் ஓபோ அவர். இரண்டாம் ஓபோ அவர் மனைவி ஹெட்விகா. இந்த இலையுதிர் காலத்தில் ராடிம் கையில் குச்சியைக் கொடுத்துக் குழுவுக்கே இசை நடத்துநராக்கிவிட்டார்கள். அவருடைய முதல் ஓபோ இடம் ஹெட்விகாவுக்கு வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி நன்றாக அமைந்தால்தான் அது நிரந்தரம். "புருஷன் தயவுல உக்காந்திருக்கா" என்று வயலின்காரர்கள் அதற்குள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஒத்திகையில் மூன்று நாளும் ஒரே கூத்து. ஓபோ தனியாக ஊதவேண்டிய நீண்ட மெட்டு ஒன்று. பாதி வழியில் ராடிமின் தோள் தானாக உயரும், குச்சி தயங்கும். அவர் மூச்சு வாங்கிப் பழகிய இடம் அது. ஹெட்விகா இன்னும் நாலு சுரம் தாண்டித்தான் வாங்குவாள். இவர் குச்சி இழுக்கிற இழுப்பில் அவள் மூச்சு அதுவரை தாங்காது. சுரம் அறுந்து விழும்.

ஞாயிறு மதியம் சின்னக் கிளாஸ் தண்ணீரில் ஓபோவின் சீவாளியை ஊறப்போட்டபடி அவள் சொன்னாள்: "அது உன் மூச்சு, ராடிம். எனக்கு மூச்சுவிடத் தெரியும்."

"அதைத் தாண்டினா மெட்டே திணறுதுடி. அனுபவத்துல சொல்றேன்."

"பெரிய அனுபவம்! வாய மூடிக்கிட்டு மாவுருண்டையச் சாப்பிடு."

நாலு மணிக்குக் கச்சேரி. அந்த மெட்டு வந்தது. ராடிமின் தோள் உயரப் பார்த்தது. இந்தக் கையை நம்பினால் அவள் பிழைப்பில் மண்தான் என்று அவருக்குச் சுரீரென்று உறைத்தது. சட்டென்று குச்சியைத் தாழ்த்திவிட்டார். வயலின்காரர்கள் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஹெட்விகாவைப் பார்த்து வாசித்தார்கள்.

மெட்டு அவருடைய இடத்தைக் கடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அங்கே நிதானமாக மூச்சு வாங்கினாள். அடுத்த சுரம் அழுது முடித்தவள் பேசுகிற மாதிரி மெல்ல எழுந்தது. தான் ஆயிரம் தடவை ஊதிய மெட்டுதானா இது என்று ராடிமுக்குக் கண் நிறைந்துவிட்டது. 'அடிப்பாவி, இதுவல்லவா இடம்!'

முடிந்ததும் வயலின்காரர்கள் வில்லால் நோட்டுப் பலகையைத் தட்டிப் பாராட்டினார்கள். ராடிமை அல்ல.

மேடைக்குப் பின்னால் ஹெட்விகா கேட்டாள்: "என்னய்யா, குச்சியக் கீழ எறக்கிட்ட? மறந்துட்டியா?"

"கேட்டுக்கிட்டிருந்தேன்," என்றார் ராடிம். "இத்தனை வருஷமா எங்கடி வச்சிருந்த இத?"

"உன் பக்கத்துலயேதான்," என்றாள்.