காரணம்: மூன்று வரிகளுக்கு மிகாமல்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு படிவத்தின் பதினோராவது கட்டமாகப் பிறந்தது. ‘பிறந்த தேதியைத் திருத்தக் கோருவதற்கான காரணம் (மூன்று வரிகளுக்கு மிகாமல்). முதல் படிவத்தை நிரப்பியவரே எழுத வேண்டும்.’ அம்மா ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஐம்பது வயதோடு வேலை சரி. பதிவேட்டின்படி இந்த மாதக் கடைசியில் அவளுக்கு ஐம்பது முடிகிறது. உண்மையில் நாற்பத்தைந்துதான். நடுவில் இருக்கும் ஐந்து வருடத்தைச் சேர்த்தவள் நான். வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். மூன்று வரியில் எழுத வராமல்தான் இங்கே இப்படி நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

‘வானத்தில் நட்சத்திரங்களும் குடும்பமாகத்தான்…’ (குமட்டுகிறது.)

‘வயது என்பது வெறும் எண்…’ (அப்படிச் சொல்கிறவர் யாருக்கும் அந்த எண்ணால் வேலை போனதில்லை.)

‘என் அம்மா ஓர் எளிய…’ (இந்தச் சொல்லை எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அவள் ஒரு ஷிப்டில் நானூறு படுக்கை விரிப்பைத் தேய்த்து மடிக்கிறவள். அதில் எளியது எது?)

சரி. தெரிந்த இடத்திலிருந்து வருகிறேன்.

3

நட்சத்திரக் கொத்துகளுக்கு வயது கணிப்பது என் வேலை. ஒரு கொத்தில் உள்ளவை ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒரே மேகத்திலிருந்து பிறந்தவை. ஒவ்வொன்றின் நிறத்தையும் பிரகாசத்தையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்தால் சாய்வாக ஒரு வரிசை கிடைக்கும். மேல்முனையில் இருப்பவை நீலமானவை. எரிபொருளை அள்ளி இறைத்துவிட்டு முதலில் தீர்ந்துபோகிறவை. அதனால் வரிசை மேலிருந்து கரைந்துகொண்டே வரும். எங்கே அது வளைந்து விலகுகிறது என்று பார்த்தால் வயது தெரியும். எவ்வளவு கீழே வளைகிறதோ, கொத்து அவ்வளவு கிழடு.

என் கொத்துக்கு முப்பத்தைந்து கோடி வருடம் வந்தது. என் ஆராய்ச்சி கைடு பல வருடம் முன்பே அறுபது கோடி என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தப்பு என் பக்கம்தான் இருக்கும் என்று நினைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல்முனையில் ஏழு நீலப் புள்ளிகள் இருந்தன. பக்கத்தில் இருக்கும் துணையை உறிஞ்சி, வயதை மறைத்து, இளசாகத் திரியும் நட்சத்திரங்கள் உண்டு. இந்த ஏழும் அந்த ரகம் என்று ஒரு வாக்கியம் எழுதித் தூக்கிவிட்டேன். சோதிக்கவில்லை. வளைவு கீழே இறங்கியது. அறுபது. கட்டுரை அச்சாகிவிட்டது.

(இந்தப் பகுதியில் என் குரல் நிமிர்ந்துவிட்டதைக் கவனித்தீர்களா? தெரிந்த விஷயம் என்றால் தப்பு செய்தவள்கூடப் பாடம் நடத்துவாள்.)

4

போன மாதம் கைடிடம் போய் அதைச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்து, பதிலுக்குக் கத்தவும் தயாராகப் போயிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என் அறுபதுல எனக்கே சந்தேகம்மா. அதைப் பாக்கத்தான் உன்கிட்ட குடுத்தேன். நீ வானத்தைப் பாக்காம என் மூஞ்சியப் பாத்து எழுதிருக்க.”

திருத்தக் குறிப்பு அனுப்பியாயிற்று. ‘உறுப்பினர் தேர்வு மறுபரிசீலனை செய்யப்பட்டது.’ செய்தவள் யார் என்றே தெரியாத வாக்கியம். என் துறையில் இப்படி வாக்கியங்கள் தாராளமாகக் கிடைக்கும். சலவைக்கூடத்துப் படிவத்தில் கிடைக்கவில்லை.

5

அம்மா வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. அலுவலக மேசை என் நெஞ்சுயரம் இருந்தது. அவள் இரண்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்; ஆகவே பேனா என் கையில். பிறந்த வருடம் கேட்டிருந்தார்கள். அம்மா குனிந்து, தனக்கு இருபத்தேழு என்று என் காதில் சொன்னாள். வருடத்தை நான் கணக்குப் போட்டு எழுத வேண்டும்.

வேறொரு கணக்கு முந்திக்கொண்டது. இருபத்தேழில் பன்னிரண்டு போனால் பதினைந்து. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் என்னைப் பார்த்துவிட்டு அதையே கழித்துப் பார்ப்பார் என்று தோன்றியது. என் வகுப்பில் ஒருத்தியின் அம்மா… (வேண்டாம், அது சாக்கு.) முப்பத்திரண்டு வரும்படி வருடத்தை எழுதினேன். காது சுட்டது. இதோ, இந்த வரியிலும் சுடுகிறது.

(கொத்தையும் கிழடாக்கினாள், அம்மாவையும் கிழடாக்கினாள் என்று கதை என்னைக் கட்டிப்போடுகிறது. ஒப்புமை இவ்வளவு கச்சிதமாக வந்து விழுவது எனக்குப் பிடிக்கவில்லை. நட்சத்திரங்களுக்கு முட்டி வலிக்காது.)

6

திருத்தப் படிவம் வாங்கும் ஆஸ்பத்திரி கிளார்க் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். அம்மாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவின் நகலைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“கைத்தவறுன்னு போடும்மா. எல்லாரும் அதான் போடுவாங்க. தெரிஞ்சே எழுதினேன்னு போட்டா மேல அனுப்பணும். அப்புறம் என் கையில இல்ல.”

கைத்தவறு என்று எழுதினேன். அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள்.

“இவ கைத்தவறா எழுதுறவ இல்ல சார். நட்சத்திரத்துக்கே வயசு சொல்றா. பள்ளிக்கூடத்துலதான் எதையாவது மாத்தி எழுதிருப்பாங்க.”

கிளார்க் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. புதுப் படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“உன்னப் பெத்தப்போ பதினஞ்சுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இருபதா இருக்கும்போல. நீ கணக்கு போட்டு எழுதினது தப்பாவா இருக்கும்? முட்டி வேற வலிக்குதுடி. அம்பதேதான்.”

பதினெட்டு வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்தை நம்பி அவள் உடம்பு வயதாகிக்கொண்டிருக்கிறது.

7

முடிவுகள்.

அ) வேறு எதற்கோ என்று சொல்லி, ‘கைத்தவறு’ படிவத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறேன். (நடக்கும். நான் எதை நீட்டினாலும் அவள் போடுவாள். அதை நினைத்தால் கை வரவில்லை.)

ஆ) எல்லாம் முன்பே தெரிந்தவளாக அவள் என் தலையைத் தடவிக்கொடுக்கிறாள். (தப்பு செய்துவிட்டு மன்னிப்பையும் தாங்களே எழுதிக்கொள்ளும் மகள்களை நான் வாசித்திருக்கிறேன்.)

இ) உண்மையை எழுதுகிறேன். மேலே அனுப்புகிறார்கள். வேலை…

மூன்றாவதை முடிக்கவில்லை. படிவத்தை மட்டும் முடித்தேன். சரியாக மூன்று வரி:

‘அம்மா பதினைந்து வயதில் என்னைப் பெற்றது வெளியே தெரிவது எனக்கு வெட்கமாக இருந்தது.
அதனால் தெரிந்தே ஐந்து வயது கூட்டி எழுதினேன்.
அவர் சொன்ன வயதுதான் சரி.’

மேசைக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். படித்துக்காட்டவா என்று கேட்டேன்.

“குடு. நானே படிக்கிறேன்.”

விரலை வைத்து எழுத்துக் கூட்டுகிறாள். ‘அம்மா’ வந்துவிட்டது, அதற்கே லேசாகச் சிரித்தாள். இப்போது ‘பதினைந்து’. நீங்கள் அவளைவிட வேகமாகப் படிக்கிறவர், மூன்றாவது வரிக்கு எப்போதோ போய்விட்டீர்கள். கொஞ்சம் திரும்பி வாருங்கள். எனக்கு இந்த விரலைத் தாண்டி எழுத உரிமையில்லை.

விரல் அடுத்த சொல்லுக்கு நகர்கிறது.